நோரா ஃபீனி பேசாத பாஷை

பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட ஒரு பெண்ணை ஜெயகாந்த் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தான். காகிதத்தில்தான்.

“ஆள் மாட்டிக்கிட்டான் அக்கா,” என்று இரண்டு நகல்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தான். “சர்ச் ரெஜிஸ்டர்ல ஞானஸ்நானம் மார்ச் கடைசி. கவர்மென்ட் சர்டிஃபிகேட்ல பொறந்ததே ஏப்ரல் நடுவுல. வயித்துக்குள்ளயே தண்ணி தெளிச்சாங்களா? ஃபோர்ஜரி பண்றவன் ஒரு காலண்டராவது வாங்கியிருக்கலாம்.”

பிரபாலினி தலை நிமிரவில்லை. தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

வாரிசு இல்லாமல் செத்துப்போனவர்களுக்கு வாரிசு தேடிப் பிடிப்பது அவள் தொழில். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் காதுக் கருவி விற்கும் கடைக்கு மேல்மாடியில் அவள் அலுவலகம். கீழே வருகிறவர்களுக்குக் காது கேட்காது, மேலே வருகிறவர்களுக்குச் சொந்தம் கிடையாது என்பான் ஜெயகாந்த். அவன் வால்டோர்ஃபில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன். வேலை போனதும் இவளுடைய கணினியைச் சரிசெய்ய வந்தவன், கணினி சரியான பிறகும் போகவில்லை.

எதிர் நாற்காலியில் ஜசிந்தா இருந்தாள். நினைவு மங்கிப்போன முதியவர்களுக்கு நீதிமன்றம் நியமிக்கும் சட்டப் பாதுகாவலர். ஜெர்மனியிலேயே வளர்ந்தவள் என்றாலும் கவலைப்படும்போது முழு யாழ்ப்பாணத்தாளாகிவிடுவாள்.

“அக்கா, எனக்கு வெள்ளிக்கிழமை கோட்டில டெர்மின், தவணை,” என்றாள். “இந்த நோரா ஃபீனி அறுபத்தியொண்டு கடைசியில அயர்லாந்தில இருந்து வந்தவ. ஆசுப்பத்திரிக் குசினியில வேலை. கலியாணம் இல்லை, ஒருத்தரும் இல்லை. இப்ப மறதி வந்து முதியோர் இல்லத்தில இருக்கிறா. இவ்வளவு காலமும் ஒரு ஈ காக்கை எட்டிப் பாக்கேல்லை. போன மாசம் ஓவன் ஃபீனி எண்டு ஒருத்தர் வந்து நிக்கிறார். அவவின்ர தமையன்ர பேரனாம். அயர்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறாராம். விடலாமோ எண்டு நீதிபதி என்னைத்தான் கேப்பார்.”

“அவர் தந்த பத்திரமோ இது?”

“ஓம். கோயில் பதிவு, பிறப்புச் சான்றிதழ், காணிப் பதிவு. எல்லாம் ஒரு கட்டு.”

பிரபாலினி ஒரு சுளையை ஜெயகாந்திடம் நீட்டினாள்.

“தம்பி, அந்தக் காலத்தில அங்கை பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் உடன குடுத்துப்போடுவினம். செத்துக்கித்துப் போனால் மோட்சம் கிடையாது எண்ட பயம். அரசாங்கக் கந்தோரில பதியிறது ஆறுதலாத்தான். பிந்தினால் தண்டம் கட்ட வேணும். அதுக்காகப் பிறந்த திகதியைத் தள்ளிச் சொல்லுவினம். கள்ளப் பத்திரம் செய்யிறவன் ரெண்டையும் பொருத்தியெல்லோ எழுதியிருப்பான். பொருந்தாதபடியால்தான் இது உண்மை.”

ஜெயகாந்த் சுளையை மென்றான். “எங்க ஊர்ல பாதிப் பேர் ஜூன்ல பொறந்தவங்க. எல்லாம் ஹெட்மாஸ்டர் பெத்த பிள்ளைங்க.”

“அதே கதைதான். காணிப் பதிவை எடு.”

அது பழைய வரிப் பதிவேட்டின் நகல். அட்லாண்டிக் கடலோரத்தில் ரின்னவார் என்ற சிற்றூர். ஒரே வீட்டுக்கு நேரே ஒரு பெயர், அதை வெட்டி அடுத்த பெயர், அதையும் வெட்டி இன்னொன்று. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு நிற மை. ‘பற்றிக் ஃபீனி’ என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘பார்ட்லி’ என்று இருந்தது.

“பேருக்கு எதுக்குக்கா வால்?”

“ஒரே ஊரில பற்றிக் ஃபீனி ஆறு பேர் இருந்தால் என்ன செய்யிறது? தேப்பன்ர பேரைப் போட்டுப் பிரிக்கிறது.”

“இனிஷியல். அட, நம்ம ஆளுங்க.”

பிரபாலினி கடைசித் தாளை இழுத்துப் பார்த்தாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. “இந்தக் காணி இப்பவும் தமையன்ர பேரிலயும் நோராவின்ர பேரிலயும் சரிபாதி கிடக்குது. தமையன்ர பாதி ஓவனுக்கு வந்திட்டுது. மற்றப் பாதிக்கு நோராவின்ர கையெழுத்து வேணும். இஞ்சை இருந்தால் கோட்டு அனுமதி இல்லாமல் வாங்க ஏலாது.”

“அங்கை கொண்டுபோனால்?” என்றாள் ஜசிந்தா. பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, “முதல் நாளே நேர்ஸிட்டை அவர் கேட்டது, கிழவிக்கு இன்னும் பேனா பிடிக்க ஏலுமோ எண்டுதானாம்,” என்றாள்.

“பாசம் பொங்குது,” என்றான் ஜெயகாந்த்.

முதியோர் இல்லத்தின் கூடத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. ஜன்னலோரம் வெள்ளை முடியோடு சின்ன உருவமாக ஒரு கிழவி. மேசை மேல் துணித் துவாலைகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுப்பாள். மூன்றாக மடிப்பாள். பிறகு மூலையைத் திருப்பி எதையோ தேடிப் பார்ப்பாள். கிடைக்காது. அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். பழக்கப்பட்ட கை, ஒரு நொடி தயங்கவில்லை.

“நாள் முழுக்க இப்படித்தான்,” என்றாள் தாதி ஜெர்மன் மொழியில். “நாங்கள் கலைத்துப் போட்டுக் கொடுப்போம்.”

“இப்போது என்ன பாஷை பேசுகிறார்?” என்று பிரபாலினி கேட்டாள்.

“ஜெர்மன் போன வருடமே போய்விட்டது. ஆங்கிலம் மட்டும்தான்.”

கிழவிக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு தமிழர் இருந்தார். பெயர் நாகமுத்து. எண்பதுகளில் அகதியாக வந்து, இரும்பு வார்ப்பாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். அவருக்கும் மறதி. கற்ற ஜெர்மன் முழுவதும் உதிர்ந்து தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. இவர் தமிழில் கதைப்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் சண்டையே வந்ததில்லையாம்.

“மொழி புரிஞ்சாத்தானே சண்டை,” என்றான் ஜெயகாந்த். பிறகு குனிந்து, “ஐயா, நோரா பாட்டிகூட என்ன பேசுவீங்க?” என்று கேட்டான்.

நாகமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஆர் நோரா?”

“இவங்கதான்.”

“இவவோ? இவ கதலி.”

“வாழைப்பழமா?”

“பழம் இல்லைத் தம்பி, பேர். நான் கேட்டனான், அவ சொன்னவ.” அவர் தன் நெஞ்சைத் தொட்டு, “நாகமுத்து,” என்றார். பிறகு கையைக் கிழவியின் பக்கம் நீட்டிக் காட்டினார். “இப்பிடித்தான் கேட்டனான். கதலி எண்டு சொன்னவ. நீங்கள் வேறை ஆரையோ தேடுறியள் போல.”

ஜெயகாந்த் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான். பிரபாலினி சிரிக்கவில்லை. துவாலை மடிக்கும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஜசிந்தா, இவவுக்கெண்டு நீ கட்டுற பில்லுகளில வழக்கத்துக்கு மாறா ஏதும் இருக்கோ?”

“ஒண்டு இருக்கு. ஒரு கல்லறை. புத்தி தெளிவா இருக்கேக்க அவ என்னட்டைச் சொன்ன ஒரே விசயம் அதுதான். எந்த பில்லை விட்டாலும் அந்தக் கல்லறைக்குக் கட்டுறதை விட்டுடாதை எண்டு. கூட வந்த சினேகிதியாம். வந்த முதல் குளிர்காலமே செத்துப்போச்சாம்.”

ஜெர்மனியில் கல்லறை நிலம் வாடகைக்குத்தான். காலம் முடிந்தால் கல்லைப் பிடுங்கிவிட்டு அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். சொந்தத் தகப்பன் கல்லறையையே இரண்டாம் முறை புதுப்பிக்காதவர்கள் ஊரில் ஏராளம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. இடுகாட்டின் பழைய பகுதியில் சுற்றிலும் வெறும் புல். நடுவில் ஒரேயொரு சின்னக் கல் மட்டும் நின்றது. ஜெயகாந்த் குந்தியிருந்து ஐவிக் கொடியை விலக்கி வாசித்தான்.

“கத்லீன் டோயல். நாப்பத்தொண்ணுல பொறந்து அறுபத்திரண்டுல செத்திருக்கா. இருபது, இருபத்தொரு வயசு. பாவம்.”

“பேரை இன்னொருக்கா வாசி.”

“கத்லீன்.” சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. “ஓ. கதலி. தாத்தா சொன்னது இதுவா? சரிதான் அக்கா, பாட்டி பழைய ஃபிரண்டை நினைச்சுப் புலம்பியிருக்காங்க. தாத்தா அதை அவங்க பேருன்னு எடுத்துக்கிட்டார்.”

“அவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டவர்,” என்றாள் பிரபாலினி. “நெஞ்சைத் தொட்டு உன்ர பேரென்ன எண்டு கேட்டால், நீ சினேகிதன்ர பேரையோ சொல்லுவாய்?”

குடைக்குள் நின்றபடி நகர ஆவணக் காப்பகத்துக்குத் தொலைபேசினாள். அங்கே அவளைத் தெரியாதவர் இல்லை. அயர்லாந்துக்காரர் ஒருவர் வந்து நிலக்கரிச் சுரங்கம் வெட்டி, அதற்குத் தன் நாட்டின் பழைய பெயரையே வைத்துவிட்டுப் போன ஊர் அது; அந்த நாட்டுக் குடும்பங்களைத் தேடி அவள் அடிக்கடி போவாள். இறப்புப் பதிவிலிருந்து அவள் கேட்டது இரண்டே விஷயம். எப்படிச் செத்தாள், யார் அடையாளம் காட்டியது.

“கரி அடுப்புப் புகை,” என்றாள் தொலைபேசியை வைத்துவிட்டு. “வாடகை அறை. ரெண்டு பெட்டையளும் வந்து கிழமை முடியேல்லை. அறைத் தோழி நோரா ஃபீனிதான் அடையாளம் காட்டியிருக்கிறா. வேறை ஒருத்தருக்கும் ரெண்டு பேரையும் சரியாத் தெரியாது.”

“கொலைன்னு சொல்றீங்களா?”

“நீ நெடுகப் பெரிசாத்தான் நினைப்பாய். நாளைக்கு ஓவனை வரச்சொல்லு. அவருக்கு ஒரு சின்னப் பரீட்சை இருக்கு.”

மறுநாள் ஓவன் ஃபீனி முதியோர் இல்லத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள்; ஈரமான மழைக்கோட்டைக் கழற்றாமலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக இருப்பவர் போலிருந்தது. ஜெயகாந்துக்கு அந்த உட்காரும் விதமே பிடிக்கவில்லை. மனிதர் கிழவியைப் பார்த்ததைவிட ஜசிந்தாவின் கோப்பைப் பார்த்ததுதான் அதிகம்.

பிரபாலினி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். “உங்கள் வீட்டில் என்ன பாஷை?”

“ஐரிஷ்தான். ரின்னவாரில் எல்லோருக்கும் அதுதான். என் அப்பா பள்ளிக்கூடம் போகும்வரை ஆங்கிலமே கேட்டதில்லை.”

“அப்படியானால் உங்கள் பாட்டியோடு அதில் பேசுங்கள்.”

ஓவனின் முகம் சட்டென்று மாறியது. ஜெயகாந்த் மனதுக்குள் கையைத் தேய்த்துக்கொண்டான். பாஷை தெரியாது, இதோ சாயம் வெளுக்கப்போகிறது என்று முன்னால் சாய்ந்தான்.

ஓவன் எழுந்துபோய்க் கிழவியின் முன்னால் முழங்காலிட்டார். பேசினார். தண்ணீர் ஓடுகிற மாதிரி வந்தது. தட்டில்லை, தடங்கலில்லை. நடுவே ஏதோ பெயர்களைச் சொன்னார், கடலைக் காட்டுவதுபோலக் கையை வீசினார், தொண்டை கரகரத்தது. நடிக்கிறவனுக்கு அப்படிக் கரகரக்காது. ஜெயகாந்தின் சந்தேகம் காற்றுப்போன பலூனாகச் சுருங்கியது.

கிழவி மடிப்பதை நிறுத்தாமல் அவரைப் பார்த்தாள். பிறகு பிரபாலினியின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், மெல்லிய குரலில் கேட்டாள்.

“இந்த மனுஷர் என்ன சொல்கிறார்? எனக்கு ஐரிஷ் தெரியாதே.”

ஓவன் மெல்ல எழுந்து நின்றார்.

“மறதி நோய்,” என்றார் ஓவன். “மறந்திருப்பார்.”

“நோயாளிகள் கடைசியாகக் கற்றதைத்தான் முதலில் மறப்பார்கள்,” என்றாள் பிரபாலினி. “அதோ அந்த நாற்காலியில் இருப்பவரைக் கேளுங்கள். ஜெர்மன் போய்விட்டது, தாய்மொழி நிற்கிறது. இந்த அம்மாவுக்கும் ஜெர்மன் போய்விட்டது. மிஞ்சியது ஆங்கிலம். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினோராம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டுக்கு நேரே மொழி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு தலைக்கும் நேரே ஐரிஷ் என்று மட்டும். அந்த வீட்டில் பிறந்த நோரா முதலில் கேட்டது அதுதான். கடைசியில் மிஞ்ச வேண்டியதும் அதுதான்.”

“என்ன சொல்ல வருகிறீர்கள்?”

“உங்கள் பத்திரம் எல்லாம் உண்மை. நீங்களும் உண்மை.”

ஜெயகாந்த் தமிழில் முணுமுணுத்தான். “எக்ஸாம் எழுதினவன் பாஸ். பக்கத்துல உக்காந்திருந்தவங்க ஃபெயில்.”

பிரபாலினி ஒரு நாற்காலியை இழுத்துக் கிழவியின் முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

“கத்லீன்.”

துவாலை மடித்த கை நின்றது. பழக்கத்தில் ஓடிய கை, இத்தனை நாளில் தானாக நின்றது அதுவே முதல் தடவை என்று தாதி பிறகு சொன்னாள்.

“என்னைக் கூட்டிப்போக வந்துவிட்டார்களா?” என்றாள் கிழவி.

“யார்?”

“மடத்துக்காரர்கள். கத்லீன் செத்துவிட்டாள் என்று சொல்லுங்கள் அவர்களிடம். புதைத்தாயிற்று. கல்லில் எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”

ஜசிந்தா வாயில் கையை வைத்தாள்.

பிரபாலினி திரும்பாமலே தமிழில் சொன்னாள். “அந்த நாட்டில கன்னியாஸ்திரியள் நடத்தின சலவைச்சாலையள் இருந்தது. வீட்டுக்கு வேண்டாத பெட்டையளை உள்ள விட்டுப் பூட்டிப்போடுவினம். விடிஞ்சால் பொழுதுபட்டால் ஊராற்றை துணி துவைக்கிறதுதான். ஒவ்வொரு துணியின்ர மூலையிலும் ஆற்றை துணி எண்டு இலக்கம் தைச்சிருக்கும். இவ தேடுறது அந்த இலக்கத்தைத்தான். இவ தப்பி ஓடியிருக்கிறா, நோரா கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா. அப்ப இவவுக்கு இருபத்தொண்டு ஆகேல்லை. மடத்துக்காரர் சட்டப்படி திருப்பிக் கேக்கலாம். இஞ்சை வந்து கிழமை முடிய முன்னம் நோரா புகையில செத்துப்போனா. இவவுக்கு என்ன வழி இருந்தது சொல்லு?”

“செத்தவ பேர்ல இவங்க வாழ்ந்தாங்க,” என்றான் ஜெயகாந்த். “இவங்க பேர்ல அவங்களைப் புதைச்சாங்க.”

“எங்கட சனமும் எண்பதுகளில தலைமாத்தின, படத்தை மாத்தி ஒட்டின பாஸ்போட்டில வந்ததுதானே தம்பி. ஆற்றையோ பேரில ஓய்வு பெற்றவையையும் எனக்குத் தெரியும். பேரைக் கடன் வாங்கினவை நன்றி மறக்கிறேல்லை. அதுதான் அந்தக் கல்லறை இன்னும் நிக்குது.”

பிறகு அவள் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். “யாரும் வரவில்லை கத்லீன். இனி வரவும் மாட்டார்கள். அந்த இடங்களையெல்லாம் எப்போதோ மூடிவிட்டார்கள்.”

“மூடிவிட்டார்களா?”

“ஓம்,” என்று தமிழே வந்துவிட்டது பிரபாலினிக்கு. “ஆம். பூட்டிவிட்டார்கள்.”

கிழவி மற்றொரு கையால் துவாலையைத் தடவினாள். அவள் முகத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து வேறொரு கவலை வந்தது.

“அப்படியென்றால் படுக்கை விரிப்பெல்லாம் யார் துவைக்கிறார்கள்?”

நடைவழிக்கு வந்ததும் ஜசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். “நான் நோரா ஃபீனிக்குப் பாதுகாவலர் எண்டு கோட்டு எழுதித் தந்திருக்கு. நோரா அறுபத்திரண்டில செத்திட்டா. நான் இப்ப ஆருக்குப் பாதுகாவலர்? இவவை இஞ்சையிருந்து எழுப்பிப்போடுவினமோ அக்கா?”

“ஏன் எழுப்பினம்? அவவும் அயர்லாந்துப் பிரசைதான். ஆசுப்பத்திரியில ஆயுசு முழுக்கச் சட்டி கழுவினது அவவின்ர கை. ஓய்வூதியம் அந்தக் கைக்குத்தான். வெள்ளிக்கிழமை உள்ளதை உள்ளபடி சொல்லு. நீதிபதி பேரைத் திருத்துவார். ஆளை மாத்த ஏலாது.”

பிரபாலினி ஆங்கிலத்தில் சொன்ன முழுக் கதையையும் கேட்டுவிட்டு, ஓவன் சற்றுத் தள்ளி ஜன்னலோரம் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. ஜெயகாந்த் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, ஒரு விஷயம். இதுல லாபம் அவருக்குத்தான். நோரா எப்பவோ செத்துட்டான்னு ஆயிட்டா யார் கையெழுத்தும் தேவையில்ல. நிலம் மொத்தமும் அவர் கைக்குப் போகும்.”

“தெரியும். அதுதான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“எதை?”

“இப்ப திரும்பி வந்து முதல் என்ன கேக்கிறார் எண்டு. இறப்புப் பதிவோ, கல்லறையோ. அதில ஆளைத் தெரிஞ்சுகொள்ளலாம்.”

“பதிவுன்னு ஒரு காப்பி பந்தயம்.”

ஓவன் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர்களிடம் வந்தார். “அந்த இறப்புப் பதிவின் நகல் எனக்குக் கிடைக்குமா?” என்று கேட்டார். பிரபாலினி காப்பகத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி, படியிறங்கினார். ஜெயகாந்த் ஜெயித்த முகத்தோடு அவளைப் பார்த்தான்.

பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. ஓவன் மறுபடியும் ஏறி வந்தார். நடைவழிக்குள் வராமல் படிக்கட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவளைப் புதைத்த இடத்துக்கு எந்த டிராம் போகும்?” என்றார். “பூ எங்கே வாங்கலாம்?”

ஜசிந்தா வழி சொன்னாள். இரண்டாம் தடவை அவர் இறங்கிய சத்தம் தெருக்கதவு வரை போய்த் தேய்ந்தது.

“ரெண்டும் கேட்டார்,” என்றாள் பிரபாலினி. “மனுசன்தான்.”

“ஆனா ஆர்டர் தப்பு அக்கா.”

“ஓம்,” என்றாள் அவள், ஜன்னல் வழியே அந்த ஈரக்கோட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தபடி. “அதை ரிப்போட்டில எழுதாதை. வா, உனக்கு ஒரு காப்பி வாங்கித் தாறன்.”

கீழே ஓவன், காப்பகம் இருக்கும் நகரத்தின் பக்கம் ஓரடி வைத்தார். நின்றார். பிறகு டிராம் நிறுத்தத்தை நோக்கித் திரும்பி நடந்தார்.